சாரல் மாதத்து ஆய்வேடு

ஜூன் பிறந்துவிட்டால் எங்களுக்குப் போன் செய்கிறவர்கள் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "தண்ணி விழுதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேலகரத்தில் வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே கதிதான். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறோம். அருவிக்கு வருகிற சொந்தக்காரர்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படித் தாண்டிப் போக அவர்களுக்கு மனசு வராது. அப்பா போலீஸ் ஏட்டு. வருஷத்தில் பாதி நாள் புளியறை சோதனைச்சாவடியில் கேரளா லாரிகளோடு நிற்பார். சீசன் தொடங்கினால் அருவிக்கரை பந்தோபஸ்துக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டிலிருந்து போகிற தகவல் அரசாங்கத் தகவல் என்று சொந்தத்தில் ஒரு மதிப்பு உண்டு. "வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுது, குளிக்க விடல" என்று அப்பா சொன்னால் கோவில்பட்டியில் புறப்பட இருந்த வேன் நின்றுவிடும். "நல்லா விழுது" என்று சொன்னால் மறுநாள் காலையில் எங்கள் வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு கிடக்கும்.

வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. வரும்போது ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் சாரல் காலத்தில் ஒரு துண்டுகூடக் காயாது. ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, என் புத்தக அலமாரியின் கதவு என்று கண்ட இடத்தில் எல்லாம் ஈரத்துண்டு தொங்கும். வீடு முழுக்க எண்ணெயும் சீயக்காயுமாக ஒரு வாசனை. கூடத்தில் இரண்டு வரிசையாகப் பாய். அம்மா இட்லி மாவைக் குடத்தில் கரைத்து வைப்பாள். இது ஆகஸ்ட் வரைக்கும். அப்புறம் கார்த்திகையில் மாலை போட்டவர்கள் சபரிமலைக்குப் போகிற வழியில் குளிக்க வருவார்கள். அது இரண்டாவது சீசன்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து படித்தேன் என்பதே எனக்கு ஒரு பட்டம்போல இருந்தது. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தபோது ஜூனில் விட்ட பாடத்தை மார்ச் வரைக்கும் பிடிக்க முடியவில்லை என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பிளஸ் டூவில் ஐயப்ப சீசன் கைகொடுத்தது. "இந்தச் சந்தைக்கடையில இருந்துக்கிட்டே இவ்வளவு எடுத்திருக்காளே, தனி ரூம்ல விட்டா என்ன எடுப்பா!" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். கேட்கக் கேட்க இனிக்கும். அந்தத் தனி அறைப் பெண் படு கெட்டிக்காரி. அவளை யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் அவள் இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

படித்தது உளவியல். முதுகலைக்குத் திருநெல்வேலிக்குத் தினமும் ரயிலில் போய் வந்தேன். இரண்டாம் வருஷம் ஆய்வேடு எழுத வேண்டும். கல்லூரி மாணவர்களின் சுயவளர்ச்சிக்கு எந்த உளவியல் காரணிகள் உதவுகின்றன, எவை தடுக்கின்றன என்பது என் தலைப்பு. தன்னம்பிக்கை, தோல்வி பயம், வீட்டாரின் எதிர்பார்ப்பு, அடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இதையெல்லாம் கேள்வித்தாளாக்கிச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் அதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினார்கள். ஒரு பெண் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "அக்கா, எதுல டிக் போட்டா நல்லது?" என்று கேட்டாள். "நல்லது கெட்டதுன்னு ஒண்ணும் இல்லம்மா, நீ எப்படியோ அப்படிப் போடு" என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று போட்டுக் கொடுத்தாள். ரயிலில் அதைத் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

கேள்வித்தாள்கள் வந்துவிட்டன. கணக்கெல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டது. மிச்சம் எழுத வேண்டியது மட்டும்தான். ஏப்ரலில் கொடுத்திருக்க வேண்டும். சித்தப்பா வீட்டுக் கல்யாணம் என்றேன். ஆய்வுக்கு வழிகாட்டிய என் நெறியாளர் அதிகம் பேசாத பேராசிரியை. "எழுதினதைக் கொண்டு வா. எழுதப்போறதைக் கொண்டு வராதே" என்று சொல்லி, ஜூலை கடைசி வரை நீட்டித்து வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது, அடுத்த வருஷம்தான் என்றும் சொன்னார். இதற்கிடையில் செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கு ஆலோசகர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததற்கான கடிதத்தோடு ஆகஸ்டில் வந்தால் சேர்ந்துகொள்ளலாம். வராவிட்டால் வேறு ஆள். ஆக, ஜூலையில் எழுதினால் பட்டமும் வேலையும் உண்டு. எழுதாவிட்டால் இரண்டும் போச்சு.

"இந்தக் கூட்டத்துல எப்படிம்மா எழுதுவேன்?" என்று ஜூன் கடைசியில் அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். வழக்கமாகச் சொல்கிறதுதான். ஆனால் இந்தத் தடவை அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி, இந்த ஜூலை முழுக்க வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வராது. அதுக்கு நான் பொறுப்பு. நீ எழுது."

அன்றைக்கே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மகள் பரீட்சை எழுதுகிறாள், இந்த வருஷம் மன்னிச்சுக்கோங்க என்றாள். ஆய்வேடு என்று சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் பரீட்சை. சித்தப்பா சரி என்றார். பெரியம்மா மனத்தாங்கலோடு சரி என்றாள். கடைசியாக அப்பாவின் அக்கா, கோவில்பட்டி அத்தை. அவளுக்கு மட்டும் அம்மா இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போன் போட்டாள்.

அத்தை பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். அங்கே இருந்த வயலும் வீடும் கைமாறிப் பல வருஷம் ஆயிற்று. சூரியகாந்தி பூக்கிற மாதத்தில் அந்த வயல்களில் ஊர்பேர் தெரியாதவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதனால் தம்பி வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. கரிசல் காட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றால்தான் உடம்பு உடம்பாக இருக்கும். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சத்தம் போடவில்லை.

"சரி, நாங்க லாட்ஜுல ரூம் போட்டுக்கிடுதோம்" என்று வைத்துவிட்டாள்.

தம்பி வீடு மேலகரத்தில் இருக்கும்போது அக்காள் குற்றாலத்தில் லாட்ஜில் தங்கினாள் என்றால் எங்கள் சொந்தத்தில் அதற்கு மேல் ஓர் அவமானம் இல்லை. அப்பாவை ரோட்டில் நிறுத்திக் கேட்பார்கள். அப்பா விஷயத்தைக் கேட்டதும், "லாட்ஜா?" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். அன்றோடு அம்மாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா இரண்டடி தள்ளி நிற்கும்போதே என்னைப் பார்த்து, "சட்டை தேச்சாச்சான்னு உங்கம்மாட்ட கேளு" என்பார். "தேச்சாச்சுன்னு சொல்லு" என்பாள் அம்மா. நான் இரண்டையும் திரும்பச் சொல்லக்கூட வேண்டியதில்லை.

ஜூலை பிறந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கண்டதில்லை. குக்கர் விசில் எனக்கு இடைஞ்சலாம், அம்மா சோற்றைப் பானையில் வடிக்க ஆரம்பித்தாள். சீரியலைச் சத்தமே இல்லாமல் வைத்து, ஆட்களின் வாயைப் பார்த்துக் கதை தெரிந்துகொண்டாள். பால்காரரிடம் மணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் அறைக்கு வெளியே அவள் நுனிக்காலில் நடப்பது கேட்கும். மதியம் தட்டோடு வந்து, "எவ்வளவு ஆச்சு?" என்பாள். "பாதி ஆயிட்டும்மா" என்பேன்.

உள்ளே நான் செய்தது இதுதான். எழுத்துருவை மாற்றினேன். ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்தேன். மூன்று நிறப் பேனாவில் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். அடுத்தவர்களின் ஆய்வேடுகளில் நன்றியுரை எப்படி இருக்கிறது என்று பார்த்து முதலில் என் நன்றியுரையை எழுதினேன். ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நன்றியுரையை மட்டும் அம்மா வாசிக்கட்டும் என்று தமிழில் எழுதினேன். நன்றாகவே வந்தது. பிறகு முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை எழுதி, வாசித்து, அழித்தேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியமாக இருந்தது. மறுபடி எழுதினேன். அதுவும் அப்படித்தான். தனி அறைப் பெண் இப்படியா எழுதுவாள்? மூன்றாம் நாள் அந்தப் பெண் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. ஏழாம் நாள், அவள் வராமலே போய்விடலாம் என்று தோன்றியது.

என் கேள்வித்தாளில் நானே சேர்த்த ஒரு வரி இருந்தது. 'என் திறமைக்கு ஏற்ற சூழ்நிலை எனக்கு அமைவதில்லை.' ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். பிள்ளைகளில் பெரும்பாலோர் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' பக்கம்தான் போட்டிருந்தார்கள். நானும் எப்போதும் அங்கேதான் போட்டிருப்பேன். இப்போது அந்தக் கட்டத்தை அம்மா என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள். சூழ்நிலை என்று கைகாட்ட வீட்டில் ஒன்றுமே இல்லை. மேஜையும் விளக்கும் மழைச் சத்தமும் நானும்தான் இருந்தோம். எழுதினால் நான் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது. அம்மாவுக்கு அதைவிடவும் தெரிய வேண்டாம்.

வருஷங்கள் கழித்து, இன்றைக்கு ஆலோசகராக இருக்கிற என்னிடம் மாணவர்கள் வந்து உட்கார்ந்து காரணம் சொல்கிறார்கள். ஹாஸ்டல் சத்தம், பஸ் கூட்டம், அண்ணன் கல்யாணம், போன் ரிப்பேர். பல காரணங்கள் உண்மையானவைதான். சிலருக்குச் சூழ்நிலை நிஜமாகவே கழுத்தை நெரிக்கிறது, அவர்களை அடையாளம் கண்டுகொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. மற்றவர்களை உடனே தெரிந்துவிடும். காரணம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி எனக்குப் பழக்கமானது.

அந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் மொட்டைமாடிக்குப் போனேன். மலை தெரியவில்லை, மேகம்தான் நின்றது. சாரல் முகத்தில் அடித்தது. அத்தைக்குப் போன் போட்டேன்.

"யாரு, பரீட்சைக்காரியா? எங்ககூட பேச உனக்கு நேரம் இருக்கா?"

"எல்லாம் முடிஞ்சிட்டு அத்தை. அம்மாவுக்குத்தான் உங்கள்ட்ட அப்படிப் பேசிட்டமேன்னு வருத்தம். சனிக்கிழமை எல்லாரும் வாங்க."

"உங்கம்மா கூப்பிடச் சொன்னாளா?"

"ஆமா. ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் தண்ணி விழுது அத்தை."

"நல்லா விழுதா?" என்று கேட்டபோது அவள் குரலே மாறியிருந்தது.

சொன்னதில் தண்ணீர் ஒன்றுதான் உண்மை. போனை வைத்ததும் எனக்குப் பசித்தது. நாலைந்து நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தவள், கீழே போய் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். குடும்பச் சண்டையைத் தீர்த்து வைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதை நான் முழுதாக நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

சனிக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. அத்தையும் மாமாவும் பிள்ளைகளுமாகப் பதினோரு பேர். எண்ணெய்ப் பாட்டில்கள், பைகள், ஒரு சாக்கு வெள்ளரிக்காய். அம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். உடனே சமாளித்துக்கொண்டு, "வாங்க மைனி, வாங்க" என்றாள். உள்ளே வரும்போது என் பக்கத்தில் நின்று, "உன்னைய நிம்மதியா எழுத விட மாட்டாவ போலுக்கே" என்று காதோரமாகச் சொன்னாள். என் தலையைத் தடவினாள். நான் பெருமூச்சுகூட விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே போய்ப் பழம் வாங்கி வந்தார். என் மேஜை மேல் மூன்று பைகள் ஏறின. சுவரில் இருந்த கால அட்டவணையை ஒரு துண்டு மறைத்தது. நான் எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். வருஷக்கணக்காக அவ்வளவு லேசாக நான் நடந்ததில்லை.

மதியச் சமையலுக்கு அத்தையும் அம்மாவும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"நல்லவேளை, உன் மவ போன் போட்டா" என்றாள் அத்தை. "நீதான் கூப்பிடச் சொன்னேன்னு கேட்டதும் எனக்கு மனசு ஆறிட்டு. நானும் கோவத்துல லாட்ஜுன்னு சொல்லிட்டேன். பிள்ளை எல்லாம் எழுதி முடிச்சிட்டாளாமே?"

அம்மாவின் கை நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு, "ஆமா மைனி, நாந்தான் கூப்பிடச் சொன்னேன்" என்றாள். பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று அம்மா நின்றுகொண்டாள். வேன் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"எவ்வளவு எழுதியிருக்க?"

"பாதி..."

"எங்கன, காட்டு."

மடிக்கணினியைத் திறந்தேன். நன்றியுரை இருந்தது. அம்மா பத்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தாள். 'நான் அமைதியாக எழுதுவதற்காகத் தன் அன்றாடத்தையே மாற்றிக்கொண்ட என் அன்னைக்கு...' அதற்குக் கீழே தள்ளினாள். வெள்ளைப் பக்கம். இன்னும் தள்ளினாள். அத்தியாயத் தலைப்புகள் மட்டும், ஒவ்வொரு பக்கத்துக்கு ஒன்றாக.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"எழுத வரலையா உனக்கு?"

"பயமா இருக்கும்மா."

"என்னத்துக்குப் பயம்?"

"நல்லா வரலைன்னா?"

அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நல்லா வரலைன்னா நல்லா வரலை. அதுக்கு எதுக்கு இவ்வளவு பேரையும் கூப்பிட்ட? ரெண்டு வாரமா உங்கப்பா என் மூஞ்சியப் பாக்கல. யாருக்காக? உனக்காகத்தான நான் எல்லார்ட்டயும் கெட்ட பேரு வாங்குனேன்? ஒரு விசில் சத்தம் உண்டா இந்த வீட்டுல?" குரல் உடைந்துவிட்டது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என்னால் பக்கத்தில் போக முடியவில்லை. நின்ற இடத்திலேயே நானும் அழுதேன். அவளை ஏமாற்றியதைவிட, ஏமாந்த பிறகும் அத்தை முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்து மணிக்கு ஈரத்தலைகளோடு எல்லோரும் வந்து இறங்கினார்கள். அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மைனி, நாளைக்கே போவேண்டாம். ஆடி அமாவாசைக்கு அருவியில முங்கிட்டுப் போங்க. வேலைக்குப் போறவங்க போவட்டும். நீங்களும் அண்ணாச்சியும் இருங்க."

அத்தைக்கு வாயெல்லாம் பல். அமாவாசை அந்த வருஷம் ஜூலை முடிகிற சமயத்தில் வந்தது. அதற்கு மறுநாள் நான் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அம்மா அடுக்களை வாசலில், மாவுக் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலையும் முக்காலியையும் போட்டாள். "இனிமே உனக்காக ஒருத்தரையும் வராதன்னு சொல்ல மாட்டேன். இங்கன உக்காரு. என் கண்ணு முன்ன எழுது" என்றாள். அதைத் தவிர அவள் என்னிடம் பேசவில்லை.

வீடு திறந்திருக்கிற செய்தி பரவிவிட்டது. சித்தப்பா குடும்பம் வந்தது. பெரியம்மா வந்தாள். குக்கர் பழையபடி விசில் அடித்தது. என்னைத் தாண்டித்தான் எல்லோரும் தண்ணீர் மொண்டு குடித்தார்கள், தாண்டும்போது ஈரப்பாவாடை என் கணினித் திரையை உரசியது. இதற்கு முன் இதில் நூறில் ஒரு பங்கு இருந்தால்கூட எழுந்து போயிருப்பேன். இப்போது எழுந்து போய் யாரைக் குறை சொல்ல? கூப்பிட்டவளே நான்தான். வேறு வழியில்லாமல் முதல் வாக்கியத்தை எழுதினேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அதே வாக்கியம். அழிக்காமல் விட்டுவிட்டு இரண்டாவதை எழுதினேன். மதியத்துக்குள் ஒரு பக்கம் ஆயிற்று. அதில் நல்ல வாக்கியம் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் புள்ளிவிவர அட்டவணை சரியாக இருந்தது, அந்தப் பிள்ளைகள் சொன்னதை நான் திரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தை உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்து என் எதிரில் நின்றாள்.

"முடிஞ்சிட்டுன்ன. பிறகு எதுக்குட்டி இந்தத் தட்டு தட்டுத?"

அம்மா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும் என்று தெரிந்துதான் சொன்னேன். "பொய் சொன்னேன் அத்தை. ஒரு வரி எழுதல அப்ப. நீங்கல்லாம் வந்ததால எழுத முடியலன்னு சொல்லிக்கிடலாம்னுதான் கூப்பிட்டேன். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அத்தையின் கை தலையிலேயே நின்றுவிட்டது. அடுக்களைக்குள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப தண்ணி விழுதுன்னது?"

"அது மட்டும் நெசம்."

"நல்ல பிள்ளைய பெத்து வச்சிருக்கட்டி!" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள். தோசைக் கரண்டியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது. அத்தை அன்றிலிருந்து என்னை 'முடிஞ்சிட்டுக்காரி' என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பாவுக்கும் விஷயம் போயிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, "சட்டை தேச்சாச்சா?" என்று அம்மாவையே பார்த்துக் கேட்டார்.

அமாவாசையன்று எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை, பக்க எண் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ரயிலில் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நெறியாளர் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "வந்துட்டியா" என்றார். கடிதம் கிடைத்தது. வேலையிலும் சேர்ந்தேன்.

ஆகஸ்டு கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார். கேட்டதில் பாதிக்குச் சரியாகச் சொன்னேன். பாதிக்குத் தெரியாது என்றேன். முடிவில் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தகவலை ஒழுங்காச் சேர்த்திருக்கீங்க. எழுத்து சுமார்தான். பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து நெறியாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஜங்ஷனுக்குப் போய் நடைமேடையில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. செங்கோட்டை வண்டி வர அரைமணி நேரம் இருந்தது. அம்மா போன் செய்தாள்.

"என்ன சொன்னாவ?"

நாக்கு நுனியில் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. அவருக்கு அவசரம், என் தலைப்பு அவருடைய துறை இல்லை, இரண்டு மாதம் கூடக் கிடைத்திருந்தால். மூன்றையும் விழுங்கினேன்.

"பாஸும்மா. சுமாரா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அப்படித்தாம்மா எனக்கு எழுத வந்துச்சு."

"சரி, சாப்பிட்டியா?" என்றவள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். வாசலில் இருந்த அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்று, "ஏங்க, பாஸாம்! சுமாராத்தான் எழுதியிருக்காளாம்!" என்று கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. 'சுமார்' என்ற இந்த ஒரு வார்த்தை அம்மாவின் காதில் விழக்கூடாது என்றுதான் நான் பதினோரு பேரை வீட்டுக்கு வரவழைத்திருந்தேன்.